குழந்தைகள் கடிக்கும் புத்தகமும் என் பெயரும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்படிப்பட்டவன் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழனிசெட்டிபட்டியில் திராட்சைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையைக் குழந்தைப் புத்தகக் கூடமாக மாற்றியது நான். பச்சைப் பிள்ளையின் கண்ணைக் குத்தாதபடி புத்தகத்தின் மூலையை உருட்டி வெட்டும் கத்தியை, லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது நான். சாரல் காலத்திலும் அட்டை அப்பளம் மாதிரி வளையாமல் காயவைக்க வழி கண்டது நான். பெட்டி ஒட்டத் தெரிந்த பதினெட்டுப் பெண்களைப் புத்தகம் ஒட்டத் தெரிந்தவர்களாக்கியது நான். பக்கத்தைப் புரட்டினால் காகம் பறக்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான். இதில் ஒன்றைக்கூட எனக்கு எவரும் படித்துச் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் முதலாளி தேவசகாயம் அண்ணாச்சி காலமான பிறகு அவர் மகள் கிரேஸ்தான் பதிப்பகத்தை நடத்துகிறார். எங்களுடைய முதல் புத்தகமான ‘மாட்டு மேல காகம்’ புதுப் பதிப்பாக வரப்போகிறது. ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கெட்டி அட்டைப் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வரிப் பாட்டு. அதை ஒட்டிப் பழைய ஆட்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலரும் போடுகிறார்கள்.

“சன்னாசி மாமா, நீங்க கண்டிப்பா எழுதணும். இப்ப வேலைக்கு வந்திருக்க பிள்ளைகளுக்குப் புத்தகம் கம்ப்யூட்டர்ல இருந்து தானா வந்து விழுகுதுன்னு நெனப்பு” என்று கிரேஸ் கேட்டார். கூடவே, புதுப் பதிப்பின் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்று செல்போனில் ஒரு மாதிரியும் அனுப்பினார்.

பாட்டு எழுதிய டீச்சர் பெயர் இருந்தது. படம் போட்டவர் பெயர் இருந்தது. புதிதாகக் கம்ப்யூட்டரில் அடுக்கியவர் பெயரும், அச்சடித்த கம்பெனியின் பெயரும் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் விரித்துப் பெரிதாக்கியும் பார்த்தேன். என் பெயர் இல்லை. கீழே ‘புத்தகம் வந்த கதை’ என்று நாலு வரி. அதில் ஒரு வரி: “ஆரம்பத்தில் ஒரு பகுதிப் புத்தகங்கள் மழையில் நனைந்ததால் திரும்பப் பெறப்பட்டன.”

மழையாவது, நனைந்ததாவது! அந்தப் பக்கம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். அதற்குள் அது திருத்தப்பட வேண்டும். ஆகவே இதை அனுபவக் கட்டுரை என்று வாசிப்பவர்கள் வாசித்துக்கொள்ளலாம். நான் எழுதுவது திருத்தம்.

தொழில் படித்த கதை சின்னது. பத்து வயதில் சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் பழம் அடுக்கப் போனேன். பதினாறு வயதில் மதுரையில் ஒரு பைண்டிங் கடை. நாலு வருஷத்தில் தைக்க, ஒட்ட, கட்டிங் மெஷின் ஓட்டக் கற்றேன். அங்கே முதல் நாளே மண்டையில் ஏற்றிய பாடம் ஒன்று உண்டு. மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தால் அதில் மயில்துத்தம் போடாமல் இறக்காதே. துத்தம் என்பது மயில் கழுத்து நிறத்தில் கல்கண்டு போல இருக்கும். எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. திராட்சைக் கொடிக்கு நோய் வராமலிருக்கச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள். பைண்டிங்காரர்கள் பசையில் போடுவார்கள். போட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் புத்தகத்தை அண்டாது. ஏனென்றால் அது விஷம்.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சியின் பெட்டிக் கொட்டகையில் சேர்ந்து, ஐந்தாறு வருஷத்தில் மேஸ்திரி ஆனேன். அண்ணாச்சிக்குத் தேனி பஜாரில் பேப்பர், நோட்டுக் கடை இருந்தது. அவர் மகள் கிரேஸ் அப்போது தவழ்ந்து முடித்து நடக்க ஆரம்பித்திருந்தது. படப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் அரை மணியில் கிழித்துப் பாதியைத் தின்றுவிடும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றுதான் அந்தப் பிள்ளையிடம் தப்பிப் பிழைத்தது. அதை ஒருநாள் அண்ணாச்சி கொட்டகைக்கு எடுத்து வந்தார்.

“சன்னாசி, இதப்போல நம்மால செய்ய முடியுமாய்யா?”

“இது என்ன அண்ணாச்சி, திராட்சைப் பெட்டிக்குத் தம்பிதான. ஒரு வாரம் குடுங்க.”

“பத்திரம்யா. பாப்பா தேடும்.”

மறுநாள் காலையிலேயே வந்து, “எங்கய்யா அந்தப் புத்தகம்?” என்றார்.

“அண்டாவுல ஊறுது அண்ணாச்சி.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் கோபத்தின் உச்சம் அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை அவர் துடைக்க ஆரம்பித்தால் கொட்டகையில் இருமல்கூட நின்றுவிடும்.

ஊறவைத்துப் பிரித்ததில்தான் சூட்சுமம் பிடிபட்டது. பக்கங்கள் தனித்தனித் தாள் இல்லை. இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரே தாளில் அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் மேற்பூச்சு ஏற்றி, நடுவில் கோடு அமுக்கி மடிக்க வேண்டும். பிறகு ஒரு மடிப்பின் முதுகையும் அடுத்த மடிப்பின் முதுகையும் நடுவில் அட்டை கொடுத்து ஒட்ட வேண்டும். இப்படி ஒட்டிக்கொண்டே போனால் புத்தகம் தானாக உருவாகிவிடும். தையலும் கிடையாது, கம்பியும் கிடையாது. கம்பி இல்லை என்பதுதான் விசேஷம், பிள்ளை வாயில் வைக்கிற சாமான் அல்லவா. ஒட்டியதைத் திருகு அழுத்தியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் விளிம்பு வெட்டி, கடைசியில் மூலை உருட்ட வேண்டும். சாரல் காலத்தில் அழுத்தியிலிருந்து எடுத்ததும் அட்டை வளைந்துகொள்ளும். புத்தகங்களுக்கு நடுவே காய்ந்த செய்தித்தாளைக் கொடுத்து, நாலு மணிக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் வளையாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வித்தை.

மூலைதான் அண்ணாச்சிக்கு உயிர். முடிந்த புத்தகம் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தன் இமை மேல் இழுத்துப் பார்ப்பார். பெரிய மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மைப் புத்தகத்தால் கண்ணைத் தேய்ப்பதைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கீறினால் ஒன்றும் சொல்லமாட்டார். புத்தகத்தை மேஜையில் இடது கைப்பக்கம் வைப்பார். இடது பக்கம் போனால் மறுபடி மூலை வெட்ட வேண்டும் என்று அர்த்தம். முதல் மாதம் இடது பக்கம் மலையாகக் குவிந்தது. கடையில் வாங்கிய கத்தி அட்டையைக் கடித்துப் பிசிறாக்கியது. அப்புறம்தான் போடியில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, லாரிப் பட்டையில் நானே கத்தி அடித்து வந்தேன். அன்றைக்கு அண்ணாச்சி இருபது புத்தகத்தை இமையில் தேய்த்தார். இருபதும் வலது பக்கம் போனது.

அடுத்தது காகம். டீச்சர் எழுதிய பாட்டு இதுதான்.

மலை மேல மேகம்
மாட்டு மேல காகம்
காகம் பறந்து போச்சு
மேகம் மழையா ஆச்சு

படம் போட்ட தம்பி நாலு வரியையும் ஒரே இடத்தில் எழுதி, பக்கத்தில் மலை, மாடு, காகம், மேகம் எல்லாவற்றையும் ஒரே படமாக அழகாக வரைந்து வந்தார். எல்லோரும் பாராட்டினார்கள். நான் மட்டும் கேட்டேன். “காக்கா பறக்கலையே தம்பி? மாட்டு மேல சட்டமா உக்காந்துல்ல இருக்கு.”

“பறந்து போச்சுன்னு பாட்டுல இருக்கேண்ணே.”

“அது உமக்குத் தெரியும். ஒண்ணரை வயசுப் பிள்ளைக்கு எழுத்தா தெரியும்? இந்தப் பக்கம் காக்கா மாட்டு மேல உக்காந்திருக்கணும். பிள்ளை புரட்டுனா அடுத்த பக்கத்துல மாடு மட்டும் நிக்கணும், காக்கா மேல போயிறணும். திருப்பிப் புரட்டுனா மறுபடி வந்து உக்காரணும். காக்காயப் பறக்கவிடுறது பிள்ளையோட கையாத்தேன் இருக்கணும்.”

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது, எல்லாம் புதிதாக வரைய வேண்டுமே. டீச்சர்தான் சிரித்துவிட்டார். “சன்னாசி அண்ணே, நீங்க மட்டும் பள்ளிக்கூடம் போயிருந்தா எங்களுக்கெல்லாம் வேலை இருந்திருக்காது.”

“போகாததுனாலதேன் டீச்சர், எழுத்து இல்லாமப் பாக்கத் தெரியுது” என்றேன்.

அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “மேஸ்திரி சொல்றாப்புல வரைங்க” என்றார். வரைந்தார்கள். இன்றைக்கும் அந்தப் புத்தகம் விற்பது அந்த ஒரு புரட்டலுக்காகத்தான்.

இப்போது மழைக்கு வருகிறேன்.

முதல் தடவை ஒட்டிய புத்தகங்களுக்கு மதுரையிலிருந்து கேனில் வரும் வெள்ளைப் பசையை வாங்கினோம். நல்ல சரக்கு, நாற்றம்கூட இல்லாதது. அந்த ஆடி மாசம், ஜெயமங்கலத்தில் வாழை விவசாயம் செய்யும் செல்லப்பாண்டி என்பவர் கொட்டகைக்கு வந்தார். அவருடைய அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். “சீர்த் தட்டு எல்லாரும் வைக்கிறதுதேன். வர்ற பிள்ளைக ஒவ்வொண்ணு கையிலயும் மாமன் குடுத்ததுன்னு ஒண்ணு இருக்கணும். எவனும் செய்யாத சீரா இருக்கணும்” என்று நூற்றைம்பது புத்தகம் சொல்லிவிட்டுப் போனார்.

அதை ஒட்டத் தொடங்குவதற்குள் கேன் தீர்ந்துவிட்டது. மதுரையிலிருந்து லாரி வரவில்லை. விசேஷத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. “நம்ம மைதாவையே காய்ச்சு” என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். பேச்சியம்மாள் எங்கள் கொட்டகையில் பசை காய்ச்சுகிறவர். கட்டி தட்டாமல் பசை காய்ச்ச அவரைப் போல மதுரையிலும் ஆள் பார்த்ததில்லை. அவர் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து கேட்டார்.

“அண்ணே, இதுக்குத் துத்தம் போடவா?”

“இத்தன வருசமா என்னத்தப் போடுற? உப்பா போட்டுக் காய்ச்சுவாக?”

“இல்லண்ணே, இது பச்சப்பிள்ளைக வச்சிருக்க சாமான்...”

“ஏ ஆத்தா, சாரல் காலம். துத்தம் இல்லாம ஒட்டுனா கரப்பான் பூராத்தையும் தின்னுட்டு அட்டைய மட்டும் வைக்கும். பேசாமப் போடு.”

போட்டார். பூச்சி தின்னக் கூடாது என்று போடச் சொன்னேன். பிள்ளை தின்னும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பைண்டிங்காரன் புத்தி அப்படி. பசை என்றால் துத்தம் என்று கையே செய்துவிடும். பிள்ளை வாயில் வைக்கும் என்று கம்பியை விலக்கி, மூலையை உருட்டி, இமையில் தேய்த்துப் பார்த்த அதே கொட்டகையில், பசைக்குள் விஷத்தைக் கலக்கச் சொன்னது என் வாய்தான்.

சனிக்கிழமை புத்தகங்கள் ஜெயமங்கலம் போயின. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. அந்த ஒட்டில் ஒன்றை என் வீட்டுக்கும் எடுத்துப்போயிருந்தேன், என் பத்து மாத மகளுக்கு. திங்கட்கிழமை காலையில் என் மனைவி சத்தம் போட்டாள். “ஏங்க, இங்க வாங்க. பிள்ளை கக்குது. வாயோரமெல்லாம் என்னமோ பச்சையா இருக்கு.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை ஒரு விளிம்பைச் சப்பிச் சப்பி மேற்பூச்சைப் பிரித்திருந்தது. உள்ளே நீலப் பச்சையாகப் பசை கசிந்திருந்தது. நான் அதை நாக்கில் வைத்தேன். செம்புக் காசைச் சப்பினது மாதிரி ஒரு கசப்பு. அந்த ருசி எனக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். உள்ளே போனது கொஞ்சம்தான், பயமில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு அடுத்த நினைப்பே வந்தது. இதே புத்தகம் ஜெயமங்கலத்தில் நூற்றைம்பது வாயில் இருக்கிறது.

கொட்டகைக்குப் போனபோது அண்ணாச்சி வந்திருந்தார். புத்தகத்தை மேஜையில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த ஈர விளிம்பைத் தானும் கடித்துப் பார்த்தார். துப்பினார். வாய் கொப்பளித்தார். பிறகு, “பசை யார் காய்ச்சினது?” என்று கேட்டார்.

பேச்சியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “நாந்தேன் அண்ணாச்சி.”

அவ்வளவுதான் சொன்னார். சன்னாசி அண்ணன் போடச் சொன்னாக என்று சொல்லவில்லை. போடவா என்று கேட்டதையும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷம் என் வாய் திறக்கவில்லை. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். அண்ணாச்சியின் கை கண்ணாடிக்குப் போனதைப் பார்த்த பிறகுதான், “அது கேட்டுச்சு அண்ணாச்சி. போடுன்னு சொன்னது நான்” என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். “சரி. வண்டியப் பாரு. கேன் பசையில ஒட்டினது எத்தனை கையில இருக்கு?” என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேன் பசையில் முன்பே ஒட்டி, கடைகளுக்கு அனுப்ப ஒதுக்கியிருந்தது எழுபது இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, மைக் செட் வைத்த ஆட்டோ ஒன்றைத் தேனியில் பிடித்துக்கொண்டு, நானும் அண்ணாச்சியும் ஜெயமங்கலம் போனோம். செல்லப்பாண்டி வாசலிலேயே வரவேற்றார். பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

“வாங்க அண்ணாச்சி! புத்தகம் சும்மா அசத்திருச்சு. எங்க பங்காளிக மூஞ்சியப் பாத்திருக்கணுமே நீங்க.”

“தம்பி, அந்தப் புத்தகத்தத் திருப்பி வாங்க வந்திருக்கோம்” என்றார் அண்ணாச்சி. பசையில் நடந்ததைச் சொன்னார்.

செல்லப்பாண்டியின் முகம் கறுத்துவிட்டது. “மாமன் சீராக் குடுத்தத வீடு வீடாப் போயித் திருப்பிக் கேக்கிறதா? அதுக்கு நான் மீசைய எடுத்துட்டு ஊரவிட்டே போயிறலாம். ஊருல எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலேல்ல? ஒரு வாரம் போகட்டும். நானே மெல்லமாச் சொல்லி வாங்கித் தாரேன்.”

“என் மக இன்னைக்குக் காலையில கக்கிருச்சு. ஒரு வாரம் தாங்காது” என்றேன்.

அண்ணாச்சி அவருடைய மானத்துக்கும் ஒரு வழி பார்த்தார். “மழையில நனைஞ்சு அட்டை கெட்டுப்போச்சு, மாத்தித் தர்றோம்னு சொல்லுவோமே தம்பி. யாருக்கும் சங்கடமில்ல.”

மழை பிறந்தது அந்த இடத்தில்தான். அண்ணாச்சி சொன்ன வார்த்தையை நான் மறுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். “அண்ணாச்சி, மழையில நனைஞ்சதுன்னா எவ குடுப்பா? பரவால்ல, இருக்கட்டும்னு சொல்லுவா. வெயில்ல காய வச்சு மறுபடி பிள்ளை கையிலயே குடுப்பா. விஷம்னு சொன்னாத்தேன் பிடுங்கிட்டு ஓடி வருவா.”

“விஷம்னு சொன்னா, மாமன் விஷத்தக் குடுத்தான்னு ஆயிரும்யா!” என்று செல்லப்பாண்டி கத்தினார். “எங்கக்காளக் கட்டிக் குடுத்த வீட்டுல காலம் பூராச் சொல்லிக் காட்டுவாக. தெரியுமா உமக்கு?”

“மாமன் குடுக்கல. சன்னாசி குடுத்தான்னு சொல்லுவோம். அந்த மைக்க இங்கன குடு” என்றேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து நானே பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. நாலு தெருவிலும் திரும்பத் திரும்பச் சொன்னது அல்லவா. “ஜெயமங்கலம் பொதுமக்களுக்கு! காதுகுத்துல மாமன் செல்லப்பாண்டி நல்ல மனசோட குடுத்த காக்காப் புத்தகம் யார் வீட்டுல இருந்தாலும், பிள்ளை கையில இருந்து உடனே வாங்குங்க. அத ஒட்டுன பழனிசெட்டிபட்டி சன்னாசி, பசையில மயில்துத்தத்தக் கலந்து தப்புப் பண்ணிட்டான். மாமன் மேல தப்பில்ல. தப்பு பூராவும் சன்னாசியோடது. புத்தகத்த ஆட்டோவுல குடுங்க. பிள்ளை கக்கியிருந்தா டாக்டர்ட்ட காட்டுங்க, செலவு எங்களது.”

முதல் தெருவிலேயே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“யாருய்யா அந்தச் சன்னாசி? எங்க இருக்கான் அவன்?”

“நாந்தேன் ஆத்தா.”

“நீயேவா? மைக்கப் பிடிச்சு உன்னையே திட்டிக்கிட்டு வர்ற? நீ வெளங்குவியா? திராட்சைக்கு அடிக்கிற மருந்த எம்புள்ள வாயில அடிச்சிட்டியேடா!”

“அடிங்கடி அவன, பேசிக்கிட்டு நிக்கிறீக” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடி விழவில்லை. ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. நனைந்தது புத்தகம் என்று எழுதியிருக்கிறார்களே, அன்றைக்கு நனைந்தது நான்.

புத்தகத்தைக் கொடுக்கப் பெரியவர்கள் தயார். பிள்ளைகள் தயாரில்லை. பிடுங்கினால் தெருவே அலறியது. ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு, புத்தகத்தைத் தராமல் என்னிடமே சண்டைக்கு நின்றாள். “ரெண்டு நாளா இந்தக் காக்காயப் பறக்கவிட்டுத்தேன் இதுக்குச் சோறு ஊட்டுறேன். ஒரு பொரட்டுக்கு ஒரு வாய் வாங்குது. இதப் பிடுங்கிட்டா நீயா வந்து ஊட்டுவ?”

எழுபதில் ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன். பிள்ளை புரட்டிப் பார்த்தது. காகம் பறந்தது. திருப்பிப் புரட்டியது. வந்து உட்கார்ந்தது. அழுகை நின்றது. பழைய புத்தகத்தை மெதுவாக உருவிக்கொண்டேன். காக்காயைப் பறக்கவிடச் சொன்னது நான்தான் தாயி என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல முடியுமா? விழுங்கிக்கொண்டேன்.

எழுபதும் இரண்டு தெருவிலேயே தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வீடு தேடி வரும் என்று அண்ணாச்சி ஒவ்வொரு வாசலிலும் கும்பிட்டுச் சொன்னார். பாதிக்குமேல் செல்லப்பாண்டியும் வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். “எங்க வீட்டு விசேஷத்துக்குத் தப்பு நடந்ததுன்னு தெரிஞ்சதும் ஓடி வந்திருக்காக பாருங்க” என்று என்னைக் காட்டிக் காட்டிச் சொல்லி, தன் பெருமையையும் விடாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகள் கக்கியிருந்தன. டாக்டர் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்.

பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பத்து மூன்று வந்துவிட்டது. மீதி ஏழு வெளியூர் விருந்தாளிகளோடு போயிருந்தன. செல்லப்பாண்டியிடம் ஊரும் பெயரும் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் பஸ் ஏறி ஏழையும் வாங்கி வந்தேன். கடைசிப் புத்தகம் சின்னமனூரில் கிடைத்தது. அந்த வீட்டுப் பிள்ளை அதைத் தொட்டிருக்கவேயில்லை. கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். கிழியாத புத்தகம் செய்தவனுக்கு அது ஒரு அவமானம். அன்றைக்கு அதற்குச் சந்தோஷப்பட்டேன்.

நூற்றைம்பதும் வந்ததும், கட்டிங் மெஷினில் நானே கொடுத்து நாலு துண்டாக வெட்டினேன். அன்றோடு துத்தம் கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிறகு ஒரு முறை வைத்தேன். எந்தப் பசை வந்தாலும், அதில் ஒட்டிக் காய்ந்த முதல் புத்தகத்தைத் தண்ணீரில் முக்கி, விளிம்பை மேஸ்திரி கடித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்த புத்தகம் ஒட்ட வேண்டும். நான் ஓய்வு பெறும் வரை அந்த முதல் கடி என்னுடையது. இப்போது பரிசோதனைக் கூடத்திலிருந்து சான்றிதழ் வருகிறது. நல்லதுதான். எங்கள் கொட்டகையில் அந்தச் சான்றிதழ் என் பல்லாக இருந்தது.

ஜெயமங்கலத்துக்கு வெளியே, கடைக்காரர்களிடமும் தன் வீட்டிலும், அண்ணாச்சி மழை என்றே சொல்லிவிட்டார். என் தொழில் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று செய்தார். அந்த மனசுக்கு என் கும்பிடு. கிரேஸும் அதையே கேட்டு வளர்ந்தார், அதையே எழுதிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மழை என் தப்பைக் கரைத்தபோது என் பெயரையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

ஆகவே கிரேஸம்மா, கடைசிப் பக்கத்திலிருந்து மழையை எடுத்துவிடுங்கள். பசையில் துத்தம் கலந்ததால் திரும்பப் பெறப்பட்டன என்று எழுதுங்கள். கலக்கச் சொன்னவன் சன்னாசி என்றும், நூற்றைம்பதையும் ஒன்று குறையாமல் திரும்பக் கொண்டுவந்தவனும் சன்னாசி என்றும் எழுதுங்கள். தப்புச் செய்தவன் யார் என்று ஜெயமங்கலத்து நாலு தெருவுக்கும் மைக்கில் சொல்லியாகிவிட்டது. அந்தப் புத்தகத்தைச் செய்தவன் யார் என்று இதுவரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் எந்த எழுத்தில் பெயர் போட்டிருக்கிறீர்களோ அதே எழுத்தில், ‘பக்க அமைப்பு, மூலை, ஒட்டு: பெ. சன்னாசி, பழனிசெட்டிபட்டி’ என்று போடுங்கள். அதற்கு அடுத்த வரியில் ‘பசை: பேச்சியம்மாள்’ என்று போடுங்கள். என் பெயருக்குக் கீழே போட்டால் போதும். எழுத்து மட்டும் சிறுக்கக் கூடாது.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மாதிரிப் பக்கத்தைப் புத்தக அளவுக்கே அச்செடுக்கச் சொல்லி வாங்கி, அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன். அடியில் இரண்டு விரற்கடை வெறுமனே கிடக்கிறது. இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும்.